நடுக்களத்தில் ஆள் வேண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, எங்கள் பார்சல் கூடத்தின் மேலாளர் அவர்களே, பகலில் வண்டியும் மாலையில் எங்களையும் ஓட்டிக்கொண்டிருக்கும் கோச் அண்ணன் அவர்களே, மேடைக்கு வாருங்கள் என்று எவ்வளவு அழைத்தும் வராமல் முதல் வரிசையின் ஓரத்திலேயே அமர்ந்துவிட்ட தையற்கார அண்ணன் அவர்களே, பெட்டிகள் ஓடும் பெல்ட்டை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, தோழியரே, போன வாரம் எங்களிடம் தோற்றும், அந்த வருத்தத்தை வீட்டில் வைத்துவிட்டு இங்கே கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் சலவை ஆலை அணிச் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் குரல் கேட்காதவர்கள் கையை உயர்த்துங்கள். நான் பேசிப் பழகியவள் அல்ல. எங்கள் கால்பந்து அணி சார்பில் யார் பேசுவது என்ற கேள்வி வந்தபோது, எங்கள் கோல்கீப்பர், நீங்கள் எல்லோரும் அறிந்த கதவு அக்கா, என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "நம்மள்ல டிகிரி வாங்கினவ நீ ஒருத்திதான், நீ போ. நான் பேசினா ரெண்டாவது வார்த்தையில அழுதுடுவேன், மூணாவது வார்த்தையில யாரையாவது திட்டிடுவேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். பட்டம் கைக்கு வந்தால் கூச்சம் தானாகப் போய்விடும் என்று என் அம்மா நம்பினார். கதவு அக்கா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

சற்றுமுன் தலைவர் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். மறைந்த எங்கள் அணித் தலைவியின் எட்டாம் எண் சட்டை, இதோ இந்தக் கண்ணாடிச் சட்டகத்துக்குள் இருப்பது போலவே, அலுவலக வாசலில் மாட்டப்படும் என்றார்கள். அவர் நினைவாக இனி எட்டாம் எண்ணை யாரும் அணியப்போவதில்லை என்றும் சொன்னார்கள். அரங்கம் முழுவதும் கை தட்டியது. எங்கள் அணியில் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. அதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்ததையும் கவனித்தேன். தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள். ஏன் தட்டவில்லை என்று சொல்லத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு, முடிவில் ஒன்று கேட்பேன்.

பெரியோர்களே! எங்கள் தலைவி பம்பரம் அக்கா என்பவர் யார்?

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் பம்பரம். அந்தப் பெயரைக் கொடுத்தது மைதானம் அல்ல, பெல்ட். லாரியிலிருந்து இறங்கும் பெட்டிகள் ஒரு பக்கமிருந்து வரும். ஊர் ஊராகப் பிரிந்துபோகும் சரிவுகள் மறுபக்கம் இருக்கும். நாமெல்லாம் எப்படி நிற்கிறோம்? பெல்ட்டுக்கு முகம் கொடுத்து நிற்கிறோம். பெட்டியை எடுக்கிறோம், முழு உடம்பையும் திருப்புகிறோம், பிறகுதான் எங்கே போடுவது என்று தேடுகிறோம். அவர் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. பாதி திரும்பித்தான் நிற்பார். ஒரு தோள் வருகிற பக்கம், ஒரு தோள் போகிற பக்கம். பெட்டி கைக்கு வரும் முன்பே அது போக வேண்டிய இடத்தைப் பார்த்து முடித்திருப்பார். வாங்கினாரா என்று நாம் யோசிக்கும்போது அது சரிவில் போய்க்கொண்டிருக்கும்.

அந்த நிற்பையே அவர் மைதானத்துக்கும் கொண்டுவந்தார். வேறெதையும் கொண்டுவரவில்லை. வேகம் கிடையாது. உயரம் கிடையாது. உதையில் பலமும் கிடையாது. "நான் உதைச்சா பந்து யோசிச்சுக்கிட்டேதான் போகும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன ஆண்டு ஒரு பத்திரிகைக்காரர் வந்து கேட்டார், "உங்க கேப்டன் இதுவரைக்கும் எத்தனை கோல் போட்டிருக்காங்க?" கோச் அண்ணன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஒண்ணு" என்றார். கதவு அக்கா விடவில்லை. "அதுவும் இவ முதுகுல பட்டு உள்ள போச்சு. இவளுக்கே தெரியாது. நாங்க கட்டிப்பிடிச்ச பிறகு, ஏன்டி என்னைப் பிடிச்சு அமுக்கறீங்கன்னு கேட்டா." பத்திரிகைக்காரர் பேனாவை மூடிவிட்டு அவசரத்தைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

அவசரம் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் முன்வரிசை வீராங்கனை. பந்து கிளம்பும் முன்பே ஓடிவிடுவாள். ஆஃப்சைடு என்று கொடி தூக்கித் தூக்கியே கை வலி கண்ட நடுவர்கள் உண்டு.

ஒரே ஒரு கோல்! அதுவும் முதுகில் பட்ட கோல்! அப்படியானால் இவ்வளவு ஆண்டுகள் அவர் அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார்?

அதைத்தான் நான் அவருக்கு நேர் பின்னால், தடுப்பு வரிசையில் நின்று, பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் கம்பத்தருகே நிற்பவளுக்கு ஒரு பக்கம்தான் திசை. முன்வரிசையில் நிற்பவளுக்கும் ஒரு பக்கம்தான். நடுக்களத்தில் நிற்பவளுக்கு மட்டும் நான்கு பக்கமும் ஆட்டம் நடக்கும். பின்னால் இருப்பவள் பயந்துபோய் அனுப்புவாள். முன்னால் இருப்பவள் இப்போதே கொடு என்று கத்துவாள். பயந்தவளிடமிருந்து வாங்கி அவசரப்படுகிறவளிடம் சேர்ப்பது. சேர்க்கும்போது பயத்தையும் கழித்துவிடுவது, அவசரத்தையும் கழித்துவிடுவது. நடுக்களம் என்றால் அதுதான்! பயந்தவள் யார் என்று கேட்காதீர்கள். அவருக்கு நேர் பின்னால் நின்றவள் நான் ஒருத்திதான்.

நடுக்களத்தில் பந்தை வாங்குகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கும்போது எதிரணி முழுவதும் அவர் முதுகுப் பக்கம் இருக்கும். எவ்வளவுதான் பாதி திரும்பி நின்றாலும் முதுகுக்குக் கண் கிடையாது. அதற்காக எங்கள் அணியில் ஒரு பழக்கம் வைத்தார். பந்தை அனுப்புகிறவள் ஒரு சொல்லையும் கூடவே அனுப்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் எதிரி வந்தால் "ஆள்!" வர நேரமாகும் என்றால் "நேரம்!" பின்னால் யாருமே இல்லை, தைரியமாக முன்னே போகலாம் என்றால் "திரும்பு!" இந்த மூன்று சொல்லைத் தவிர மைதானத்தில் வேறு பேச்சு வேண்டாம் என்பார்.

முதல் பயிற்சியில் நான் பந்தை அனுப்பிவிட்டு, "அக்கா, பின்னாடி யாரோ வர்ற மாதிரி இருக்குங்க" என்றேன்.

விளையாட்டையே நிறுத்திவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, நீ வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள அவ பந்தைப் பிடுங்கி, கோல் போட்டு, குளிச்சுட்டு வீட்டுக்கே போயிட்டா. ஒத்தை வார்த்தை போதும்மா. மரியாதையெல்லாம் ஆட்டம் முடிஞ்ச பிறகு மொத்தமாக் கொடு, வாங்கிக்கறேன்."

"சத்தமாக் கத்த வராதுக்கா."

"கத்தச் சொல்லல. பார்த்ததைச் சொல்லு. உன் கண்ணு நல்ல கண்ணு. அது என் முதுகுல இருக்கட்டும்."

தோழர்களே, அவர் என்னிடம் கடனாகக் கேட்டது கண்ணை. கொடுத்தேன். அவர் இருக்கும்வரை என் வாயிலிருந்து வந்த சத்தமான சொற்கள் இந்த மூன்றுதான். முகவரி மேசையில் என்னோடு வேலை செய்பவர்கள் சாட்சி.

நடுவில் நிற்பது என்றால் ஒதுங்கி நிற்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கமும் சேராமல், இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவது என்று நினைக்கிறார்கள். பம்பரம் அக்கா அப்படியா நின்றார்? நம் கூடத்தில் வண்டிக்காரர்களுக்கும் பிரிப்பவர்களுக்கும் நடந்த சண்டையை மறந்துவிட்டீர்களா? வண்டி தாமதம் என்று பிரிப்பவர்கள். பிரிப்பது தாமதம் என்று வண்டிக்காரர்கள். ஒரே அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கமாட்டோம் என்று இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு திரிந்த நாட்கள். அவர் இரண்டு பக்கமும் போய்ச் சமாதானம் பேசினாரா? இல்லை! வண்டிக்காரர்களில் அதிகம் சத்தம் போட்டவரைப் பிடித்து, "வாங்கண்ணே, ஒரு நாள் என் பக்கத்துல நில்லுங்க. உங்க வண்டியில எங்க ஆள் ஒருத்தி வருவா" என்றார்.

அந்த அண்ணன் பெல்ட்டருகே நின்றார். மதியத்துக்குள் வடக்கே போக வேண்டியதெல்லாம் தெற்கே போனது. தெற்கே போக வேண்டியதெல்லாம் அவர் காலடியில் குவிந்தது. அவர் வண்டியில் போன எங்கள் ஆளோ, மாடி மாடியாக ஏறி இறங்கி, மாலையில் வந்து வாசலிலேயே படுத்துவிட்டாள். மறுநாள் சண்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வண்டிக்கார அண்ணன்தான் இன்று மேடையில் கோச்சாக அமர்ந்திருக்கிறார். சிரிக்கிறார் பாருங்கள்! "அன்னிக்கு அவ நிக்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்தேன். இந்தப் பொண்ணு பந்து ஆடினா எப்படியிருக்கும்னு தோணிச்சு" என்று இவர்தான் அணியைத் தொடங்கினார். அங்கிருந்து கிளம்பியதுதான் இதோ மேசைமேல் இருக்கிற இந்தக் கோப்பை!

கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி இறங்குவேன்?

காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவர் திரும்பி வரவில்லை. இறுதிப் போட்டிக்கு நாள் நெருங்கியிருந்தது. விலகிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று நல்ல மனதோடு சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அக்காவின் கணவர் தையற்கார அண்ணனிடம் போய் நின்றோம். மனைவியை இழந்த மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது என்று வாசலிலேயே தயங்கினோம். அவரே வெளியே வந்து, "என்ன, எல்லாரும் இங்க நிக்கறீங்க? இன்னிக்குப் பயிற்சி இல்லையா?" என்றார். அவ்வளவுதான். போய் ஆடினோம்.

அவர் இடத்தில் ஆட வேண்டியவள் புதுசு. நம் கூடத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, அவளுக்குப் பிறகு எத்தனையோ பேர் சேர்ந்துவிட்டார்கள், ஆனாலும் அவள்தான் புதுசு. பதினான்காம் எண் சட்டை போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

முதல் பாதியில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பந்தை வாங்கினேன். தலை நிமிராமலே நடுவுக்கு அனுப்பினேன். அங்கே யாரும் இல்லை! சலவை ஆலை அணி எடுத்துக்கொண்டது. வலப்புறத்திலிருந்து அனுப்பினார்கள், அதே இடத்துக்கு. இடப்புறத்திலிருந்து அனுப்பினார்கள், அதே இடத்துக்கு. பத்துப் பேரும், பார்க்காமலே, அக்கா நிற்கும் அந்த வெற்றிடத்துக்கு! இத்தனை ஆண்டாகப் பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லையே! அனுப்பினால் அவர் இருப்பார். உலகத்தில் வேறெந்த அணியும் இப்படி ஒரு தவறைச் செய்திருக்காது. எதிரணி நடுவில் வந்து நின்றுகொண்டு, நாங்கள் அனுப்ப அனுப்ப வாங்கிக்கொண்டது. ஒரு கோலும் போட்டது.

இடைவேளையில் தண்ணீரைக்கூடச் சத்தமில்லாமல் குடித்தோம். கதவு அக்காதான் வெடித்தார்.

"ஏன்டி எல்லாரும் அங்கேயே அனுப்பறீங்க? அவ அங்க இல்லடி!"

"கால் அங்கதான்க்கா போகுது. நான் வேணும்னா செய்யறேன்?" என்றாள் அவசரம்.

"இவ எங்க போனா? ஏய் புதுசு, நடுவுல நிக்கச் சொன்னா நீ ஓரத்துல கோலம் போட்டுட்டு இருக்கே!"

புதுசு அழுதுவிட்டாள். "நிக்கணும்னுதான்க்கா போறேன். கிட்டப் போனா கால் வரமாட்டேங்குது. அவங்க இடத்துல போய் நிக்கறது, அவங்க நாற்காலில போய் உட்கார்ற மாதிரி இருக்கு. மரியாதை இல்லாத மாதிரி இருக்கு."

கோச் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையற்கார அண்ணன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர், கேட்டுவிட்டார் போலிருக்கிறது. வேலியோரம் வந்தார்.

"அது நாற்காலி இல்லம்மா" என்றார். "அவ அங்க ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல."

கதவு அக்கா மெதுவாகச் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு, சொன்னபடியே, திட்டினார். "கேட்டுக்கோங்கடி. நடுவுக்கு அனுப்பறது தப்பில்ல. அங்க ஆள் இல்லாததுதான் தப்பு. நீங்க பார்க்காமலே அனுப்புங்க. எப்பவும் போல அனுப்புங்க. இவ நிப்பா. நிப்பியாடி?"

"நிக்கறேன்க்கா."

இரண்டாம் பாதி. பெரியோர்களே, அந்த இரண்டாம் பாதியை நான் எப்படிச் சொல்வேன்! முதல் பந்து எனக்கு வந்தது. பழக்கம் மாறாமல் நடுவுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு முதுகு இருந்தது! பாதி திரும்பிய முதுகு! ஒரு தோள் என் பக்கம், ஒரு தோள் எதிர்ப் பக்கம். அவளுக்குப் பின்னால் பார்த்தேன். எதிரணி, அந்த இடம் காலிதான் என்ற நம்பிக்கையில், ஓரங்களுக்குக் கலைந்திருந்தது. என்னை அறியாமல் கத்தினேன். "திரும்பு!"

திரும்பினாள். ஓர் அடி, ஒரு பார்வை, ஓர் உதை. அவசரம் ஓடினாள். நடுவர் கொடியைப் பார்த்தோம். கொடி எழவில்லை! தன் வாழ்நாளில் முதன்முறையாக அவசரம் சரியான நேரத்துக்கு ஓடியிருந்தாள். கோல்!

அதன்பின் நாங்கள் ஆடவில்லை, பந்து ஆடியது. பயந்த காலிலிருந்து புறப்படும், நடுவுக்குப் போகும், அங்கே அமைதியடையும், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும். "ஆள்!" என்றோம், திருப்பிக் கொடுத்தாள். "நேரம்!" என்றோம், நிதானித்தாள். இரண்டாவது கோலும் அப்படித்தான் வந்தது. போட்டது அவசரம், பத்திரிகையில் படம் வந்ததும் அவசரத்துக்குத்தான். ஆனால் அந்த நிருபரிடம் அவள் சொன்னதை அவர் எழுதவில்லை, நான் சொல்கிறேன். "நான் சும்மா ஓடினேன் சார். பந்துதான் வந்து கால்ல விழுந்துச்சு. நடுவுல போய்க் கேளுங்க."

ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது சலவை ஆலையின் தலைவி, இதோ கடைசி வரிசையில் இருக்கிறார், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "முதல் பாதியில உங்களுக்கு நடுவே இல்ல. ரெண்டாவது பாதியில அவங்களே வந்துட்டாங்களான்னு எண்ணிப் பார்த்தோம்."

வந்தார்கள் சகோதரி! நீங்கள் எண்ணியது சரி!

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். தலைவர் அவர்களே, மேலாளர் அவர்களே, உங்கள் அன்பின்மேல் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மரியாதை என்று சொல்லி அந்த இடத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் ஒரு பாதி ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டோம். யார் வாங்குவார்கள்? எதிரணிதான் வாங்கும்! எட்டாம் எண்ணைக் கண்ணாடிக்குள் பூட்டி வைப்பது அந்த முதல் பாதியை வாசலில் மாட்டி வைப்பதுதான். அது எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு நடுக்களத்தில் ஆள் வேண்டும்!

இன்று காலை தையற்கார அண்ணனிடம் போய், இப்படிக் கேட்கப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "சட்டையைக் கேட்டாங்க, கொடுத்துட்டேன். ஆனா கண்ணாடிக்கு அளவு எடுத்து நான் தச்சதே இல்லம்மா. ஆளுக்குத்தான் தச்சிருக்கேன்."

எனக்கு அப்போது புரியவில்லை. இங்கே வந்து, சட்டகத்தின் அருகில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. நீங்களும் பாருங்கள். பம்பரம் அக்காவின் தோள் அகலம் நமக்குத் தெரியாதா? இது அந்த அகலமா? இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறது. கை ஏறியிருக்கிறது. நீளம் குறைந்திருக்கிறது. இந்த அரங்கத்தில் இந்தச் சட்டை ஒரே ஒருத்திக்குத்தான் பொருந்தும். அவளுக்கே தெரியாமல், வேலியோரம் நின்று கண்ணாலேயே அளவெடுத்துத் தைத்து, அதன்பிறகுதான் சட்டகத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் தலை குனிந்திருக்கிறார். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

தலைவர் அவர்களே, சட்டகத்தில் வைக்க அக்காவின் படம் இருக்கிறது. பெல்ட்டருகே பாதி திரும்பி நிற்கும் படம். அதை வையுங்கள். சட்டையை எங்களிடம் கொடுங்கள்.

எழுந்துவிட்டீர்களா ஐயா? நன்றி. நன்றி! கோச் அண்ணன் சட்டகத்தின் பின்பக்கக் கொக்கிகளைக் கழற்றுகிறார். இப்போது எங்கள் அணி கை தட்டுகிறது, கேளுங்கள்!

பம்பரம் அக்கா, எங்கள் தலைவியே! உங்கள் பெல்ட் ஓடும். உங்கள் அணி ஆடும். நீங்கள் கொடுத்த மூன்று சொற்களும் அந்த மைதானத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருத்தி களைத்தால் அடுத்தவள் நிற்பாள். அவள் களைத்தால் அதற்கடுத்தவள். பந்து நடுவுக்கு வரும், அங்கே ஆள் இருப்பாள். இது நாங்கள் உங்களுக்குத் தரும் வாக்கு!

புதுசு, மேலே வா. அழாதே, வா. கையை நுழை. அப்படித்தான். அளவு சரியாக இருக்கிறது. மேடையைப் பார்த்தபடியே நிற்கிறாயே? அரங்கம் முழுவதும் உன் முதுகில் எட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், உனக்குத் தெரியவில்லை. இதற்கு எனக்கு மைக் வேண்டாம். உனக்குப் பின்னால் நான் பார்த்துவிட்டேன். எதிரி யாரும் இல்லை, எல்லோரும் நம்மவர்கள்.

திரும்பு!